லூப் ஓடுது, லிஸ்ட் மட்டும் மாறமாட்டேங்குது

ஈசூன்வாசி:
பைத்தான் நிரல்மொழியைப் புதிதாகப் படிப்பவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் இடம் இது. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்கள் ஒரு லிஸ்ட்டில் (பட்டியலில்). சில பெயர்களின் வாலில் வெற்றிடம் ஒட்டியிருக்கிறது. ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து, ஓரத்து வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப் போட்டு அதே மாறியில் வைக்கிறார்கள். பிரிண்ட் பண்ணிப் பார்த்தால் லிஸ்ட் அப்படியே இருக்கும். எர்ரரும் வராது, அதுதான் தொல்லை. ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஒருமுறை உருவானால் மாறாது. ஸ்ட்ரிப், ஒன்றைத் தேடி இன்னொன்றாக மாற்றும் ரீப்ளேஸ் எல்லாம் புதிதாக ஒன்றைத்தான் தரும். லூப் மாறி புதியதைப் பிடித்துக்கொள்ளும், லிஸ்ட்டின் கட்டத்தில் பழையதே கிடக்கும். எனுமரேட் போட்டு வரிசை எண்ணையும் வாங்குங்கள். லிஸ்ட் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அந்த எண்ணைக் கொடுத்து, புதியதை அங்கேயே எழுதுங்கள். எண் 0-இல் தொடங்கும்.

தோ பாயோ தம்பி:
எனக்கு எனுமரேட்டைவிட லூப்பை ஒரே வரியில் அடைப்புக்குள் எழுதும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்தான் பிடிக்கும் அண்ணே. ஆனால் அது புது லிஸ்ட். பழையதை வேறொரு மாறியும் பிடித்திருந்தால் அங்கே மாற்றம் தெரியாது. இடப்பக்கம் பெயரோடு [:] சேர்த்து எழுதினால் அதே லிஸ்ட்டின் உள்ளடக்கம் மாறும்.

பிடோக் அக்கா:
தொலைபேசி எண் லிஸ்ட்டில் முன்னால் இருக்கும் சிங்கப்பூர் நாட்டுக் குறியீடு +65-ஐ நீக்க எல்ஸ்ட்ரிப் போடாதீர்கள். அது +65 என்ற தொடரைத் தேடாது; முன்னால் +, 6, 5 எது வந்தாலும் தின்னும். 8, 9-இல் தொடங்கும் கைப்பேசி எண்களில் எல்லாம் சரியாகத் தெரியும். 6-இல் தொடங்கும் வீட்டு எண் வந்ததும் 8 இலக்கம் 7 ஆகிவிடும், சமயத்தில் இன்னும் குறையும். பைத்தான் 3.9 முதல், முன்னால் உள்ள தொடரை மட்டும் நீக்கும் ரிமூவ்பிரிஃபிக்ஸ் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

அஞ்சல் குறியீட்டையும் இன்ட் (முழு எண்) ஆக்காதீர்கள். மரினா பே சாண்ட்ஸின் 018956 வெறும் 18956 ஆகிவிடும். ஆகிவிட்டதென்றால் திரும்ப ஸ்ட்ரிங் ஆக்கி, முன்னால் 0 சேர்த்து நிரப்பும் ஸீஃபில்லில் 6 கொடுங்கள்.

பொங்கோல்காரன்:
தமிழ்ப் பெயர்கள் என்றால் இன்னொன்று. ‘பொங்கோல்’ கண்ணுக்கு 4 எழுத்து, நீளம் எண்ணும் லென் 8 என்று சொல்லும். முதல் எழுத்தைக் கேட்டால் ‘பொ’ வராது, ‘ப’ மட்டும் வரும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரு தனிக் குறியீடு, புள்ளியும் ஒரு தனிக் குறியீடு. சில கோப்புகளில் அந்தக் கொம்பும் காலுமே இரண்டாகப் பிரிந்திருக்கும், அப்போது லென் 10. திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் ஃபால்ஸ், ரீப்ளேஸும் தேடியதைக் காணாது. யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸில், பிரிந்ததை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி கொடுத்து முழு லிஸ்ட்டையும் முதலில் ஓட்டிவிட்டு, பிறகு ஸ்ட்ரிப்புக்குப் போங்கள்.