பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் ஏன் சித்திரக்கதையை விட்டு விலகினார்?

முத்தியால்பேட்டை மாணவன் (புதுச்சேரி):
வணக்கம். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் பயில்கிறேன். முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். அமெரிக்க ஓவியர் கிரிக்ஸ்டைன் 1955இல் வரைந்த ‘மாஸ்டர் ரேஸ்’ என்னும் எட்டுப் பக்கக் கதையை அண்மையில் பார்த்தேன். இத்தனை தேர்ச்சி பெற்றவர் அடுத்த சில ஆண்டுகளிலேயே இத்துறையை விட்டுச் சென்றது ஏன்? வாய்ப்புக் குறைந்ததா, விருப்பம் குறைந்ததா?

மஞ்சக்குப்பத்தான் (கடலூர்):
அவருக்குப் பக்கங்கள் போதவில்லை என்பதே என் கருத்து. அக்கதையை வெளியிட்ட ஈ.சி. நிறுவனத்தில் விவரணையும் வசனமும் முன்கூட்டியே எழுதப்பட்ட தாள்தான் ஓவியர் கைக்கு வரும். மிச்சமுள்ள இடத்தில் படம் வரைந்து தர வேண்டும். ஆறு பக்கக் கதையாக வந்த ‘மாஸ்டர் ரேஸ்’ கதைக்குப் பன்னிரண்டு பக்கம் கேட்ட கிரிக்ஸ்டைன், எட்டுக்கு ஒப்புதல் பெற்று, எழுத்துப் பகுதிகளைக் கத்தரித்துத் தம் விருப்பப்படி மாற்றி ஒட்டிக்கொண்டு, ஒரே கட்டத்துக்குள் அடங்கவேண்டிய நிகழ்வைப் பல ஒல்லியான கட்டங்களாகப் பிரித்தார். இறுதிப் பக்கத்தைப் பாருங்கள்: முன்னாள் வதைமுகாம் அதிகாரி நியூயார்க் சுரங்க ரயிலின் முன் விழுகிறான், விரையும் பெட்டியின் சன்னல்களில் பயணிகளின் முகங்கள் திரும்பத் திரும்ப வரையப்பட்டிருப்பதால் வேகம் கண்ணுக்கே தெரிகிறது. காலத்தை நீட்டத் தெரிந்த இக்கலைஞருக்குப் பக்கக்கணக்குப் பார்த்தே வேலை கொடுத்தார்கள்.

காலாப்பட்டு வாசகர் (புதுச்சேரி):
உடன்படுகிறேன், ஆனால் தொழில் நிலவரத்தை விட்டுவிட முடியாது. 1954இல் அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்குத் தணிக்கை விதிகள் வந்தன. அக்கதை வெளியான ‘இம்பாக்ட்’ இதழ் ஐந்தே இதழ்களோடு நின்றது. பின்னர் அவர் பணியாற்றிய அட்லஸ் நிறுவனமும் 1957இல் விநியோகச் சிக்கலால் பெரிதும் சுருங்கியது. 1952இல் சித்திரக்கதை ஓவியர்களுக்கென ஒரு சங்கம் அமைக்க முன்னின்று, அதன் தலைவராகவும் இருந்தவர் இவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பதிப்பாளர்களோடு அவருக்கிருந்த பூசல் வெறும் பக்கக்கணக்கு பற்றியதன்று என்பது என் எண்ணம்.

முத்தியால்பேட்டை மாணவன்:
இருவருக்கும் நன்றி. அதன்பின் அவர் தூரிகையையே துறந்துவிட்டாரா?

மஞ்சக்குப்பத்தான்:
இல்லை. நூல்களுக்கும் இசைத்தட்டு உறைகளுக்கும் வரைந்தார்; நியூயார்க்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகள் ஓவியம் கற்பித்தார்; 1990இல் மறையும்வரை ஓவியராகவே வாழ்ந்தார். தாங்கள் அந்த எட்டுப் பக்கங்களையும் முதலில் எழுத்தைப் படிக்காமல், கட்டங்களின் அகலத்தை மட்டும் அளந்து பாருங்கள்.