புதுப்பிப்பு: ஹொண்டா சி90 காபரேட்டர் ஓ ரிங் கிடைச்சிட்டுது

எல்லாருக்கும் நன்றி. மறந்தவைக்கு, அப்பாட பழைய சி90 மோட்டார் சைக்கிள் சூடானதும் ஐட்லிங் (சும்மா நிக்கேக்க எஞ்சின் ஓடுற வேகம்) இறங்காமல் கத்துது, காபரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிற சாமான்) கிண்ணத்தடியில பெற்றோலும் கசியுது, திருகோணமலையில அதுக்கான ஓ ரிங், அதான் றப்பர் வளையம், எங்க எடுக்கலாம் எண்டு போன மாசம் கேட்டிருந்தன்.

கொழும்பில வாகன உதிரிப்பாகக் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போ எண்டுதான் கனபேர் சொன்னீங்கள், ஆனா வேலை செய்தது மீன்பிடி போட் எஞ்சின் சாமான் கடையில கேள் எண்டு ஒரு அண்ணன் சொன்னதுதான். அவையளும் பெற்றோல் எஞ்சினோடதான மாரடிக்கினம், விட்டோன் (பெற்றோலுக்குத் தாக்குப்பிடிக்கிற றப்பர்) ஓ ரிங் அளவளவா வச்சிருக்கினம். நான் வாங்கின ரெண்டு ரிங்கும் 300 ரூபா. பழைய ரிங்கை அளக்காதைங்கோ, அது நசிஞ்சு தட்டையாகியிருக்கும், வேர்னியரால (நுணுக்கமா அளக்கிற கருவி) ரிங் இருக்கிற பள்ளத்தின்ர அகலத்தையும் ஆழத்தையும் அளந்து கொண்டுபோங்கோ. முதல்ல தண்ணிக் குழாய் வாஷர் போட்டுப் பாத்தன், நாலு நாளில பெற்றோல் குடிச்சு ஊதிப்போச்சு, மடத்தனம்.

கசிவு நிண்டுட்டுது, ஆனா ஐட்லிங் அப்பவும் இறங்கேல்ல. காபரேட்டர் எஞ்சினோட சேர்ற இடத்தில காப் கிளீனர் (காபரேட்டர் கழுவுற ஸ்ப்ரே) அடிச்சா சத்தம் மாறுது, அப்ப அதால காத்து இழுக்குது. கழட்டி கண்ணாடித் துண்டில வச்சுப் பாத்தா ஃப்ளேஞ்ச் (எஞ்சினோட பொருத்துற தட்டை முகம்) வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு, ஆரோ நட்டை முறுக்கோ முறுக்கெண்டு முறுக்கியிருக்கினம் (அப்பா நான் இல்லை எண்டுறார்). கண்ணாடியில 400 நம்பர் சாண்ட் பேப்பரை ஒட்டி எட்டுப் போட்டுத் தேய்ச்சு நேராக்கினன், பிறகு அந்தத் தூளை நல்லாக் கழுவோணும்.

நேற்று நிலாவெளி போய் வந்தன், சிக்னலில அமைதியா நிக்குது.