பாரிஸ் தெருக்கள் பீரங்கிக்காகப் போட்டவையா? ஊர்சுற்றிக்கு ஒரு கேள்வி

வடமராட்சியான்:
ஊர்சுற்றி என்பவர் நேற்று எழுதிய பாரிஸ் நடைப்பயணத்தைப் படித்தேன். கிழக்கு ரயில் நிலையத்தில் இறங்கி, ஸ்ட்ராஸ்பூர் வீதி, செபஸ்தோபோல் வீதி என்று நேரே சேன் நதி வரை நடந்திருக்கிறார். நல்லது. நடந்ததோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த வீதிகள் எல்லாமே கலகக்காரர்கள் மேல் பீரங்கி சுடுவதற்காக ஓஸ்மான் நேராகப் போட்டவை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். வழிகாட்டி சொன்னாராம். (ஓஸ்மான் என்பவர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பழைய பாரிஸை இடித்து அகல வீதிகள் போட்ட நிர்வாகி.)

எனக்கு ஒரே ஒரு கேள்வி. ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்று தெற்கே பார்த்தால் வீதியின் கடைசியில் ஒரு கும்மட்டம் தெரியும். சேன் நதி நடுவே சித்தே தீவில் இருக்கும் வர்த்தக நீதிமன்றத்தின் கும்மட்டம் அது. கிட்டப் போய்ப் பாருங்கள், கட்டடத்தின் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். வீதியின் நேர்க்கோட்டில் விழவேண்டும் என்று ஓஸ்மான் கேட்டு வைத்த இடம் அது. பீரங்கிக்காரனுக்குக் கும்மட்டம் எதற்கு?

ஊர்சுற்றி:
ஐயா, வழிகாட்டி மட்டும் சொன்ன கதை இல்லை இது. செபஸ்தோபோல் வீதி பழைய பாரிஸின் வயிற்றைக் கிழித்தது, அதுவும் கலகமும் தடுப்பரணும் மலிந்த பேட்டையின் வயிற்றை என்று ஓஸ்மானே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவரே ஒப்புக்கொண்ட பிறகு நீங்கள் எதற்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்? 1830இல் தடுப்பரண், 1848இல் தடுப்பரண். சந்துக்குள் நாலு வண்டியைக் கவிழ்த்து, பாவுகல்லைப் பெயர்த்து அடுக்கினால் ஒரு படையே நின்றுவிடும். 30 மீட்டர் அகலத் தெருவில் எத்தனை வண்டியைக் கவிழ்ப்பீர்கள்?

வடமராட்சியான்:
கும்மட்டம்?

கூழாங்கல்:
வடமராட்சியான் அண்ணா, கும்மட்டத்தை விட்டுக் கொஞ்சம் இறங்கி வாருங்கள். செபஸ்தோபோல் வீதியைத் திறந்தது 1858இல். நீதிமன்றம் கட்டி முடிந்தது 1865இல். போட்ட தெருவுக்குப் பிறகு பொட்டு வைத்தார்கள், அவ்வளவுதான். பொட்டைக் காட்டித் தெருவை ஏன் போட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

பீரங்கிக் கணக்கு இல்லவே இல்லை என்பவர்கள் ரிஷார் லெனுவார் வீதிக்குப் போய்ப் பாருங்கள். அதற்கு அடியில் ஓடுவது சென் மர்த்தேன் கால்வாய். 1848இல் கிளர்ந்தெழுந்த தொழிலாளர்களுக்கு அந்தக் கால்வாய் அகழி மாதிரி உதவியது. ஓஸ்மான் நீர்மட்டத்தைத் தாழ்த்தி, மேலே மூடி, அகலமான வீதியாக்கிவிட்டார். ரெப்யூப்ளிக் சதுக்கத்தில் அப்போது கட்டிய படைமுகாம் இன்றைக்கும் மலை மாதிரி நிற்கிறது. 1834இல் படையினர் வீடு புகுந்து ஆட்களைக் கொன்ற ட்ரான்ஸ்னொனேன் தெரு இன்று வரைபடத்திலேயே இல்லை. அந்தப் பெயர் அழிந்ததையும் ஓஸ்மான் தன் குறிப்பில் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

வடமராட்சியான்:
வாருங்கள் கூழாங்கல். நோத்ர்தாம் ஊசிக்கோபுரம் நடுக்காலத்தது என்று போன வருடம் இங்கே சாதித்தவர் நீங்கள்தானே? 2019இல் எரிந்து விழுந்தது வியோலே லெ துயூக் என்ற கட்டடக் கலைஞர் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியது என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. அன்றைக்கும் ஆண்டுக்கணக்கோடுதான் வந்தீர்கள்.

இப்போது கேளுங்கள். 1832இல் வாந்திபேதி வந்து பாரிஸில் சுமார் 18,000 பேர் செத்தார்கள். பிரதமர் கசிமிர் பெரியே கூட அதில்தான் போனார். 1849இல் திரும்பவும் வந்தது. சித்தே தீவைச் சுற்றி வெயில் படாத சந்துகள், தெரு நடுவே ஓடும் சாக்கடை. ஓஸ்மானோடு பெல்கிரான் என்ற பொறியாளர் வந்து நிலத்தடியில் ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்குச் சாக்கடை கட்டினார், தூரத்து ஊற்றுகளிலிருந்து குடிநீர் கொண்டுவந்தார். தெருவைத் தோண்டாமல் இதெல்லாம் ஆகுமா? சாக்கடைக் குழாய்க்குள் பீரங்கி வைத்துச் சுட்டார்களா?

ஓப்பரா வீதியை எடுங்கள். ஒரு மரம் கிடையாது. ஏன்? கார்னியே கட்டிய ஓப்பரா அரங்கின் முகப்பை மரம் மறைக்கக் கூடாது. கண்ணுக்காகத் தெரு போட்ட மனிதர்கள் இவர்கள். கும்மட்டமும் அப்படித்தான். அதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

ஊர்சுற்றி:
மரம் இல்லாவிட்டால் குண்டுக்கும் தடையில்லைதானே? :)

வடமராட்சியான்:
சிரிப்பு வரவில்லை. சரி, சுடுவதற்கென்றே போட்ட தெரு என்றால் 1871இல் கிளர்ச்சிக்காரர்கள் பாரிஸைப் பிடித்து ஆண்ட கம்யூன் நாட்களில் ரிவோலி வீதி முனையில் அவ்வளவு பெரிய தடுப்பரண் எப்படி எழும்பியது? அதைக் கட்டுவித்தவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. பேர் என்ன தெரியுமோ? நெப்போலியன் கையார்! ஒரு நெப்போலியன் காலத்தில் வளர்ந்த ஊரை இன்னொரு நெப்போலியன் மறித்தான்.

கூழாங்கல்:
அந்த அரணை அரசுப் படை நேரே மோதிப் பிடிக்கவில்லை, சுற்றி வளைத்துப் பிடித்தது. சுற்றி வர அகலத் தெரு போட்டுக் கொடுத்தது யார்?

வடமராட்சியான்:
வீட்டுச் சுவர்களை உடைத்துக்கொண்டும்தான் போனார்கள். சுவரையும் ஓஸ்மான்தான் உடைத்து வைத்தாரா?

புதுச்சேரிப்_பையன்:
எங்கள் ஊரிலும் தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரிதான் இருக்கும். கடற்கரையிலிருந்து பார்த்தால் மறுமுனை வரை தெரியும். பிரெஞ்சுக்காரன் கை பட்டாலே தெரு நேராகிவிடும், இதில் பீரங்கி எங்கே வந்தது?

வடமராட்சியான்:
தம்பி, அந்தக் கட்டம் கட்டமான திட்டம் பிரெஞ்சுக்காரருடையது இல்லை. 1690களில் ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்தது.

புதுச்சேரிப்_பையன்:
1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்களே, அதன்பிறகு திரும்பக் கட்டியது யார்? டச்சுக்காரர்களா? நான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி பாரிஸில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுக்காதீர்கள் ஐயா.

வடமராட்சியான்:
கட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. கோடு போட்டது யார்? தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், ஒன்றும் குறைந்து போகாது.

சும்மா_வந்தவன்:
சண்டைக்கு நடுவில் ஒன்று கேட்கிறேன், மன்னிக்கவும். செபஸ்தோபோல் பக்கம் ஒரு கண்ணாடிக் கூரை போட்ட சந்தில் நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும் என்கிறார்களே, எங்கே?

வடமராட்சியான்:
செபஸ்தோபோல் இல்லை, ஸ்ட்ராஸ்பூர் வீதி. பாசாஜ் பிராடி. சாப்பாட்டுக்கு நீங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கே வந்துவிடலாம், பத்து நிமிட நடை கூடும். ஆனால் கட்டடம் பார்க்கிறவர் என்றால் பிராடிக்குப் போகத்தான் வேண்டும். 1828இல் கட்டியது, ஒரே நீளச் சந்தாக இருந்தது. ஸ்ட்ராஸ்பூர் வீதி குறுக்கே வந்து அதை இரண்டாக வெட்டிவிட்டது. இன்றைக்கு ஒரு துண்டுக்குத்தான் கண்ணாடிக் கூரை, உள்ளே மசாலா வாசனையும் முடிதிருத்தும் கடைகளும். வீதியைக் கடந்தால் மற்றத் துண்டு வெறும் வானத்துக்குக் கீழே கிடக்கிறது. ஓஸ்மானின் கத்தி எப்படி வெட்டியது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஊர்சுற்றி அதன் வாசலைத் தாண்டித்தான் நடந்திருக்கிறார், ஒரு வரி எழுதவில்லை.

கூழாங்கல்:
ஓஸ்மானின் கத்தியா? ஸ்ட்ராஸ்பூர் வீதி போட முடிவெடுத்தது 1852இல். ஓஸ்மான் பதவிக்கு வந்ததே 1853 ஜூனில்தான். அடுத்தவர் கட்டுரையில் பிழை பிடிக்கிறவருக்கு இது தெரியாதா?

வடமராட்சியான்:
முடிவெடுப்பது வேறு, வெட்டுவது வேறு. மூன்றாம் நெப்போலியன் தன் கையால் வரைபடத்தில் நிறம் நிறமாகக் கோடு போட்டு ஓஸ்மானிடம் கொடுத்த கதை ஊரறிந்தது. ஆண்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், கண்ணால் பார்க்கிற கும்மட்டத்துக்கு மட்டும் பதில் இல்லை.

கூழாங்கல்:
பதில் மேலே இருக்கிறது. 1858, 1865. படிக்கிறவர்களுக்குப் புரியும்.

புதுச்சேரிப்_பையன்:
அவருக்குப் படிக்க நேரம் எங்கே? எழுதவே நேரம் போதவில்லை.

ஊர்சுற்றி:
என் கட்டுரையில் நான் ஒரு எழுத்தும் மாற்றப்போவதில்லை. அடுத்த பாகம் மாரே பகுதி. ஓஸ்மான் பெரும்பாலும் கை வைக்காமல் விட்ட இடம், அதனால் பீரங்கியும் இருக்காது, கும்மட்டமும் இருக்காது. 1612இல் திறந்த வோஸ்ழ் சதுக்கம், அதைச் சுற்றி ஒரே மாதிரி 36 வீடுகள். நிம்மதியாக எழுதலாம்.

வடமராட்சியான்:
36 வீடும் செங்கல் என்று எழுதிவிடாதீர்கள். சில வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் செங்கல் மாதிரி வர்ணம் தீட்டியிருக்கிறார்கள்.

ஊர்சுற்றி:
நான் இன்னும் எழுதவே தொடங்கவில்லை ஐயா!

வடமராட்சியான்:
அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். வழிகாட்டி செங்கல் என்றுதான் சொல்லியிருப்பார்.