பசை விட்டுப்போன பேப்பர்பேக்: முழுதாகப் பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

மனசு சரியில்லாத நாளில் கை தானாகத் தேடிப்போகும் நாவல் இது. முதுகில் இரண்டாகப் பிளந்துவிட்டது. தையல் இல்லாத, சூடான பசையால் ஒட்டிய பேப்பர்பேக். 384 பக்கம், 20 வருடப் பழசு. விரிசல் 192க்கும் 193க்கும் நடுவே. 185 முதல் 192 வரை நான்கு தாள்கள் தனியே வந்துவிட்டன. பசை இறுகிப்போய், நகம் பட்டாலே செதில் செதிலாக உதிர்கிறது. விரித்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தால் இந்தக் கதிதான். இரவல் வாங்குபவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முதலில் செல்லோ டேப் ஒட்டினேன். ஆறு மாதத்தில் மஞ்சளாகி, ஓரம் பிசுபிசுத்து அடுத்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு வெள்ளைப் பசையை உள்விளிம்பில் 2 மி.மீ. அகலத்துக்குத் தடவி, மெழுகுத்தாள் வைத்து, ஓர் இரவு பாரம் ஏற்றினேன். தாள்கள் நின்றன. ஆனால் உள்ளே பழைய பசை திட்டுத்திட்டாக இருப்பதால் வெளியே துருத்துகின்றன, திறக்கும்போது பக்கத்துத் தாளையும் இழுக்கின்றன. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள், அதனால் வேறு பிரதி வேண்டாம்.

அட்டையைக் கழற்றி, பழைய பசை முழுவதையும் சுரண்டி, தாள்களை விசிறிபோல் இருபுறமும் சாய்த்துப் பசை தடவித்தான் ஆகவேண்டுமா, இல்லை பிளந்த இடத்தை மட்டும் உறுதியாக ஒட்ட முடியுமா?