மறுமொழி: 'காசினோ'வுக்குத் தமிழ்ச்சொல் (உதுமானிய இஸ்தான்புல்)

அன்பின் குழுமத்தாருக்கு,

உதுமானிய ஆட்சிக்கால இஸ்தான்புல்லில் குடித்துக்கொண்டே பாட்டுக் கேட்ட 'காசினோ'வைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு என் மறுமொழி இது. குழுமத்தில் வந்த 'இசையரங்கம்' ஒத்துவராது. அரங்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். உதுமானியக் காசினோவில் மேசைமேல் ராக்கி என்ற துருக்கி மது, கொறிக்க மெசே. மேடையில் வயலின், கானூன், ஊத் என நரம்பு வாத்தியங்கள். ஒரே மகாமில் (நம் ராகம் போன்றது) பாட்டுக்குப் பின் பாட்டாக வரும் 'ஃபசில்'. 'கேளிக்கை விடுதி' என்றாலோ சொல்லும்போதே முகம் சுளிக்கிறோம்.

ஒலிபெயர்ப்பும் சரியில்லை, படிப்பவருக்குச் சூதாட்டம்தான் நினைவுக்கு வரும். மூலமான இத்தாலியச் சொல்லுக்குப் பொருள் 'சின்ன வீடு'. அதை அப்படியே தமிழாக்கினால் வம்பு!

காசினோவுக்கு மூத்தது 'மெய்ஹானே'. பாரசீகத்தில் மெய் என்றால் மது. ஹானே நம் ஜிம்கானாவில் இருக்கும் கானா. குழுமத்தில் ஐயா சொன்ன 'மதுக்கானா' அழகுதான், ஆனால் சென்னைக்காரர்கள் கானாப் பாட்டைத் தேடுவார்கள். மதுக்கூடம் போதும். மெய்ஹானேக்கள் பெரும்பாலும் கிரேக்கரும் ஆர்மீனியரும் நடத்தியவை; முஸ்லிம்கள் போகக்கூடாது என்பது சட்டம், போனார்கள் என்பது வரலாறு.

அடுத்தது காப்பிக்கடை. காப்பிக்கடைகளை 1633இல் சுல்தான் நான்காம் முராத் மூடினார். அவை திரும்பி வந்துவிட்டன. 19ஆம் நூற்றாண்டில் தீயணைப்புக்காரர்கள் கூடி, வாத்தியம் வாசித்துப் பாடிய கடைகளைப் 'பாட்டுக் காப்பிக்கடை' என்றே சொல்லலாம்.

காசினோ அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்தான்புல்லின் பெயோலு பக்கம் பெருகியது. அரண்மனை ஆதரவு சுருங்க, கலைஞர்கள் காசு கொடுத்துக் கேட்பவர்களிடம் வந்தார்கள். ஆர்மீனியரான கெமானி தாத்யோஸ் எஃபெந்தி (1858–1913) சாகித்யகர்த்தா, வயலின்காரர், காசினோக்களில் வாசித்தவர். அவர் வாசித்த இடத்தைக் கேளிக்கை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

காசினோவுக்கு என் பரிந்துரை: கச்சேரி விடுதி. எல்லாக் காசினோவிலும் பாட்டு கிடையாது. இருந்தவற்றைத் துருக்கியர்களே 'வாத்தியம் உள்ள' என்று அடை சேர்த்துத்தான் சொன்னார்கள். அந்த அடைக்கு நம்மிடம் கச்சேரி இருக்கிறது. அதுவும் தாலுகா கச்சேரியிலிருந்து மேடையேறிய சொல்தானே! விடுதி என்றால் தங்குமிடம் ஆகாதா என்று அண்ணன் கேட்பார். மதுவிடுதியில் யாரும் தங்குவதில்லை, அண்ணா.

ஸ்மிர்னாவின் (இன்றைய இஸ்மிர் நகரம்) பாட்டுக் கடையான 'கஃபே அமான்' மட்டும் அப்படியே இருக்கட்டும். பாடகர் 'அமான், அமான்' என்று இழுத்துப் பாடியதால் வந்த பெயர் அது. நம் 'ஐயோ'வைப் போட்டு 'ஐயோ காப்பிக்கடை' என்று எழுதினால் காப்பி சரியில்லை என்று ஆகிவிடும்.