சிங்கிள் ஸ்பீடு சைக்கிளில் 'டக் டக்' சத்தம், ஹேண்டில் நடுக்கம்

கேள்வி: காசிமேடு–எண்ணூர் தினமும் ஓடுற வண்டி. மிதிச்சா 'டக்'னு சத்தம், கால்ல உதறல். மிதிக்காம உருட்டினா சத்தம் இல்ல. முன் பிரேக் பிடிச்சா ஹேண்டில் நடுங்குது. எங்க ஆரம்பிக்கலாம்?

பதில் 1: அண்ணே, சத்தத்தை எண்ணுங்க. பெடல் சுத்துக்கு ஒரு தடவைன்னா கிராங்க் (பெடல் மாட்டியிருக்கிற கை), பெடல், பி.பி. (கிராங்க் சுத்துற அச்சும் பேரிங்கும்) பக்கம்தான். முன் பல்சக்கரத்துல 44, பின்னால 18 பல்லுன்னா அந்த ஒரு சுத்துல பின்சக்கரம் 2.4 சுத்து வந்துடும், அதனால பின்சக்கரச் சத்தமோன்னு குழப்பமே வராது.

பழைய மாடல் கிராங்க்னா முதல் சந்தேகம் காட்டர் பின், அதாவது கிராங்கை அச்சோட பிடிச்சு வைக்கிற ஆப்பு ஆணி. ரெண்டு கிராங்கையும் படுக்கை மட்டத்துல வெச்சுப் பாருங்க. ஒரே நேர்கோட்டுல இல்லேன்னா பின் தேஞ்சிருக்கு. 9.5 மி.மீ. பின் போடுங்க. கிராங்குக்கு அடியில கனமான இரும்பு முட்டுக் கொடுத்து, சுத்தியலால அடிச்சு இறக்கணும். நட்டை முறுக்கி இழுத்தா மரைதான் போகும். கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி அடிச்சு, நட்டை டைட் பண்ணுங்க. நிறைய கடையில இதை விட்டுடுறாங்க.

பதில் 2: செயினும் பாருங்க. கடல் காத்துல கண்ணி துருப்பிடிச்சு மடங்காம நிக்கும். பெடலைப் பின்னால சுத்தினா அந்தக் கண்ணி ஃப்ரீவீல்ல (பின்சக்கரப் பல்சக்கரம்) துள்ளுறது தெரியும். 24 கண்ணி 12 அங்குலம் இருக்கணும். 12⅛ தாண்டினா மாத்திடுங்க. தொய்வு, இறுக்கமான இடத்துல அரை அங்குலம் போதும்.

பதில் 3: ஹேண்டில் நடுக்கம் தனி கேஸ். முன் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க, விரல் ஃபோர்க் கப் (ஹேண்டிலுக்குக் கீழ, ஃபோர்க் திரும்புற பேரிங் கப்) மேல இருக்கட்டும். லொடலொடன்னா கப் லூஸ். ஆடலேன்னா ரிம்ல பள்ளம் இருக்கான்னு பாருங்க. கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்டுல அது சகஜம்.