பிள்ளைக்கு ஓரியூர்ல மொட்டைன்னு அம்மா நேர்ந்திருக்காங்க, போய்ட்டு வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க

முத்துநகர்_மருமக:
எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு இப்ப பதினோரு மாசம். பொறந்த உடனே மூச்சுத்திணறல்னு ஒம்போது நாள் இன்குபேட்டர்ல வச்சிருந்தாங்க, அப்ப எங்கம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுலயே மஞ்சத்துணியில பதினோரு ரூபாய முடிஞ்சு, பிள்ளை வீட்டுக்கு வந்தா ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் அருளானந்தர் கோயில்ல மொதமுடி எறக்கி, வர்றவங்களுக்கெல்லாம் அசனச் சாப்பாடு குடுக்குறேன்னு நேர்ந்துக்கிட்டாங்க. வீட்டுக்காரர் ஊர் தூத்துக்குடி, அங்க எல்லாமே பனிமய மாதாதான். "யாரோ வெள்ளைக்கார சாமியார தலைவெட்டுன எடம், பச்சப்பிள்ளைய அங்கயா தூக்கிட்டுப் போறது"ன்னு அத்தை கேக்குறாங்க. நான் சென்னையில வளந்தவ, எனக்கு பதில் சொல்லத் தெரியல. பிள்ளைங்களுக்கு ஏன் அருளானந்தர்ட்ட நேர்றாங்க? எப்ப போனா நல்லது?

திருவாடானைக்காரன்:
தங்கச்சி, அவரே நேர்ந்துவிட்ட பிள்ளைதாம்மா! 1647ல லிஸ்பன்ல பொறந்தவர், சின்ன வயசுல பிழைக்க மாட்டார்ங்கிற அளவுக்கு சீக்கு வந்தப்ப அவங்கம்மா சவேரியார்ட்ட நேர்ந்துக்கிட்டாங்க, பிழைச்சு எந்திரிச்சதும் நேர்த்திப்படி ஒரு வருசம் சேசுசபை சாமியாருங்க மாதிரி குட்டி அங்கிய போட்டுக்கிட்டே அரண்மனையில திரிஞ்சவர். பெரியவரானதும் அதே சபையில சேந்து சவேரியார் நடந்த நாட்டுக்கே வந்துட்டார். உங்கம்மா ஆஸ்பத்திரியில செஞ்சதத்தான் அவங்கம்மாவும் செஞ்சிருக்காங்க, இத அப்படியே அத்தைட்ட சொல்லுங்க.
வெள்ளைக்காரர்னு சொல்றதும் எனக்கு மனசு கேக்கல. காவி கட்டி, கறி மீன் தொடாம, பண்டாரசாமியா மறவ நாடு பூரா நடந்தவர். 1686ல இங்க பிடிச்சு சித்ரவதை பண்ணாங்க, அப்புறம் போர்ச்சுகலுக்குப் போனவர் அங்கயே சொகமா இருந்திருக்கலாம், 1690ல திரும்பி இங்கயேதான் வந்தார். தடியத்தேவர்னு ஒரு மறவ சிற்றரசர் இவர்ட்ட ஞானஸ்நானம் வாங்கி மூத்த மனைவிய மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்கள விலக்க, அதுல ஒருத்தங்க சேதுபதி மன்னருக்கு உறவு, அங்கதான் வினை வந்துச்சு. 1693 பிப்ரவரி 4, தவக்காலம் தொடங்குற விபூதி புதன் அன்னைக்கு ஓரியூர்ல அவர் தலைய வெட்டுனாங்க. அந்த ரத்தம் விழுந்துதான் மண்ணு செவந்துச்சுன்னு எங்க ஊர்ப்பக்கம் எந்தக் குடும்பத்தக் கேட்டாலும் சொல்லுவாங்க, கிறிஸ்தவங்க மட்டும் இல்ல.

ரெண்டுபிள்ளைஅம்மா:
நான் ரெண்டு பேருக்கும் அங்கதான் எறக்குனேன். பிப்ரவரி திருவிழாவுக்கு கைக்குழந்தைய தூக்கிட்டுப் போகாதீங்க, கூட்டம் தாங்காது, சாதாரண நாள்ல காலையிலயே தேவகோட்டையில இருந்து திருவாடானை வழியா போயிருங்க, வெயிலுக்கு முன்னாடி மொட்டை முடிஞ்சிரும். சந்தனம் கையோட கொண்டு போங்க. செம்மண்ண ஒரு பிடி எடுத்துட்டு வந்து பேப்பர்ல மடிச்சு பைபிளுக்குள்ள வச்சிருக்கேன், மடிப்பெல்லாம் செவந்து பேப்பர் இத்துப்போச்சு, பிள்ளைக்கு காய்ச்சல்னா இன்னைக்கும் அத நெத்தியில ஒரு தீத்து தீத்துட்டுதான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவேன்.
அசனத்துக்கு எல்லாரும் ஆடு வெட்டுவாங்க, நாங்க சாம்பார் சோறுதான் போட்டோம். அவரே கறி தொடாதவராச்சே.

திருவாடானைக்காரன்:
அக்கா, ஆடு வெட்டுறவங்கள குறை சொல்லாதீங்க. எங்க அப்பத்தா குட்டியில இருந்தே நேர்ந்து வளத்து கொண்டு போவாங்க. பந்தியில எந்த சாதி எந்த மதம்னு யாரும் கேக்குறதில்ல, வர்றவனுக்கு எல டக்குன்னு விழும்.

கோட்டாறு_சவேரி:
ஒண்ண விட்டுட்டீங்க. 1542ல இருந்து முத்துக்குளித்துறை கடக்கரையில ஊர் ஊரா ஜெபம் சொல்லிக் குடுத்தவர் சவேரியார், தூத்துக்குடிக்காரங்களுக்கு அவர் வீட்டுப் பெரியவர் மாதிரி. பனிமய மாதா சுரூபம் 1555ல தூத்துக்குடிக்கு வந்ததும் அவரோட சேசுசபை மூலமாத்தான்னு சொல்லுவாங்க. அந்த சவேரியார் பிழைக்க வச்ச பிள்ளை அருளானந்தர்னா அத்தைக்கு அவர் எப்படி வேத்தாளாவார்? ஆகஸ்ட் 5 திருவிழாவுல பிள்ளைய மாதா காலடியில வச்சு எடுங்க, அப்புறம் ஓரியூர் போங்க.

முத்துநகர்_மருமக:
அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தைட்ட படிச்சுக் காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, பையன் தலைய தடவிக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் "அந்தப் பதினோரு ரூபா முடிச்சு உங்கம்மாட்டயா இருக்கு, போறப்ப மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு"ன்னாங்க. அடுத்த மாசம் வேன் பிடிக்கிறோம். அசனத்துக்கு பாத்திரம் அங்கயே கிடைக்குமா, இல்ல கொண்டு போகணுமா?